வேண்டியது எவ்வளவு? எபிகூரஸின் இன்பக் கணக்கு – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸ் (கி.மு. 341–270) பற்றி ஒரு பக்கக் குறிப்பு வந்தது. இன்பமே வாழ்வின் இலக்கு என்றவர், ரொட்டியும் தண்ணீரும் இருந்தால் போதும் என்று வாழ்ந்தார் என்று அதில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளே இம்முறை நிறைய. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

இன்பம்தான் இலக்கு என்றால் குடி, தின்னு, கொண்டாடு என்றுதானே ஆகிறது? சம்சு குடித்தே அழிந்த குடும்பங்களைத் தோட்டத்தில் பார்த்தவன் நான்.
– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி

அப்படி ஆகாது. இதே பழியை அவர் காலத்திலேயே சுமத்தினார்கள். மெனோய்கேயுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே அதை மறுத்திருக்கிறார். ஓயாத குடி விருந்தும் சிற்றின்பமும் பணக்காரப் பந்தியில் பரிமாறும் மீனும் இன்ப வாழ்வைத் தருவதில்லை. எதைத் தேடுவது, எதை விடுவது என்று தெளிவாக எண்ணிப் பார்க்கும் அறிவே தரும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

இன்பத்துக்கு அவர் வைத்த வரம்பு ஒன்று உண்டு. உடம்பில் வலி இல்லாமலும் மனத்தில் கலக்கம் இல்லாமலும் இருந்தால் அதுவே இன்பத்தின் உச்சி. பசித்தவர் சாப்பிடுகிறார், பசி அடங்குகிறது. வயிறு தரக்கூடிய இன்பம் அங்கேயே நிறைந்துவிட்டது. அதன்பின் இன்னும் நாலு கறி வந்தால் ருசி மாறும், இன்பம் கூடாது. இந்த வரம்பு தெரியாதவருக்குத்தான் எவ்வளவு கிடைத்தாலும் போதாது.

எந்த இன்பமும் தன்னளவில் கெட்டது இல்லை என்றார் எபிகூரஸ். ஆனால் சில இன்பங்களைத் தரும் பொருள்களே அவற்றைவிடப் பல மடங்கு துன்பத்தையும் கூட்டிவரும். அவற்றை விட்டுவிட வேண்டும். சம்சு இதற்குச் சரியான சான்று. பகலெல்லாம் உழைத்து உடம்பு நோகக் குடிப்பவர் உண்மையில் தேடுவது வலி தீர்வதை. அந்தத் தேவை நியாயமானது, பிடித்த வழிதான் கேடானது. குடியை மட்டும் திட்டிவிட்டு அந்த வலியைக் கவனிக்காமல் விட்டால் மனிதர் மறுநாளும் அங்கேதான் போய் நிற்பார்.

மகளுக்குச் சடங்கு வைக்கிறோம். மண்டபம், 300 பேர், மொத்தம் 18,000 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்போல் இருக்கிறது. பாதிக்குக் கடன் வாங்க வேண்டும். “ஒரே பெண், குறை வைக்கக் கூடாது” என்கிறார் வீட்டுக்காரர். எபிகூரஸைக் கேட்டால் என்ன சொல்வார்?
– இல்லத்தரசி

சடங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார். செலவைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருப்பார். அவர் ஆசைகளை மூன்றாகப் பிரித்தார். முதல் வகை, இயற்கையானதும் வேண்டியதும். உயிர் வாழ வேண்டியது, உடம்பு நோகாதிருக்க வேண்டியது, மனம் மகிழ்ந்திருக்க வேண்டியது மூன்றும் இதில் அடங்கும். இரண்டாம் வகை இயற்கையானது, ஆனால் கட்டாயம் இல்லாதது. விலை உயர்ந்த சாப்பாடு போல. மூன்றாம் வகை இயற்கையும் இல்லை, தேவையும் இல்லை, வெறும் எண்ணத்தால் பிறப்பது. இதற்குப் பழைய உரைக்குறிப்பு தரும் சான்று, புகழுக்காகச் சூட்டும் மகுடமும் எழுப்பும் சிலையும். நம் ஊரில் மேடை மாலையும் பொன்னாடையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் மொத்தத் தொகையை ஒதுக்கிவிட்டு, செலவுகளை ஒரு தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். ‘சடங்கு – 18,000’ என்று ஒரே வரியில் இருந்தால் எதையும் பிரிக்க முடியாது. மண்டபம், சாப்பாடு, மேடை அலங்காரம், பட்டு, நகை, படப்பிடிப்பு, பாட்டுக் குழு, அழைப்பிதழ், தாம்பூலப் பை என்று பத்து வரியாவது வரும். பிறகு எபிகூரஸ் எந்த ஆசைக்கும் வைக்கச் சொன்ன இரண்டு கேள்விகளை ஒவ்வொரு வரிக்கும் வையுங்கள்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும்? நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் பதிலை எழுதியே ஆகவேண்டும். பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

தாய்மாமன் சீர் இல்லாவிட்டால் உறவு புண்படும், அந்தப் புண் எளிதில் ஆறாது. அதனால் அது முதல் வகை. நெருங்கிய சொந்தம் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியும் முதல் வகையே. அந்தப் பந்தியில் எட்டுக் கறிக்குப் பதில் ஐந்து வைத்தால் யாருக்கும் வலி இல்லை, ஆகவே எட்டு என்பது இரண்டாம் வகை. கையில் காசு இருந்தால் வைக்கலாம். ட்ரோன் படம், பெயர் ஒளிரும் மேடை, முகமே சரியாகத் தெரியாத இருநூறு பேர் ஆகியவற்றுக்கு இரண்டாம் கேள்வியைப் போட்டால் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. அது மூன்றாம் வகை. கடன் வாங்கப்போகும் தொகையில் பெரும் பங்கு அந்த வரிகளில்தான் நிற்கும் என்று நினைக்கிறோம். எழுதிப் பார்த்துச் சரிபாருங்கள்.

சிக்கல் வருவது இரண்டாம் வகையில். கிடைக்காவிட்டாலும் வலிக்காத ஒன்றை, உடம்பை வருத்தியும் மனத்தை வருத்தியும் துரத்துகிறோம் என்றால், அங்கே வெறும் எண்ணம் புகுந்துவிட்டது என்பது அவர் கோட்பாடுகளில் ஒன்று. பட்டுச்சேலை இரண்டாம் வகை. அதற்காகவே வட்டிக்குப் பணம் எடுத்தால் அது மூன்றாம் வகைக்கு இறங்கிவிடுகிறது. வட்டிக்காரர் தொலைபேசியில் அழைக்கும் ஒவ்வொரு மாதமும் வரும் கலக்கத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிக்கனத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அதைக் காணாதவர் ஊதாரியைப் போலவே தவறுகிறார் என்றார் எபிகூரஸ். கணக்குப் பார்க்கிறேன் என்று சொந்தபந்தத்தைக் கூப்பிடாமலே விட்டால் முதல் வகையை வெட்டியதாகும். இன்னொன்று, உங்கள் கடிதத்தில் மகள் என்ன விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. தாளை எழுதும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பழைய கார் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிதாக ஒன்று எடுத்தால் தவணை இப்போதையதைவிட மாதம் 350 வெள்ளி கூடும், 9 ஆண்டு. ஓவர்டைம் மணிக்கு 15 வெள்ளி. செய்து கட்டிவிடலாம்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடும் கூட்டத்தை விடவேண்டி வரும். எடுக்கலாமா?
– 28 வயது வாசகர்

வெள்ளியை மணிக்கு மாற்றுவோம். 9 ஆண்டு என்றால் 108 மாதம். 350 வெள்ளி வீதம் 37,800 வெள்ளி. மணிக்கு 15 என்றால் 2,520 மணி நேரம். 8 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்தால் 315 நாள். புதுக் காருக்குக் கூடும் காப்புறுதியையும் டயரையும் இதில் சேர்க்கவில்லை. நல்ல நிலையில் ஓடும் ஒரு காருக்குப் பதில் இன்னொரு காரில் உட்கார நீங்கள் தருவது ஏறக்குறைய ஓர் ஆண்டு உழைப்பு. அதுவும் நண்பர்களோடு இருந்திருக்கக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்துத் தருகிறீர்கள்.

வாழ்நாள் முழுதும் மகிழ்ந்திருக்க அறிவு சேர்த்துத் தருபவற்றில் மிகப் பெரியது நட்பு என்பது எபிகூரஸின் துணிபு. ஆகவே நீங்கள் கொடுப்பது முதல் வகை, வாங்குவது மூன்றாம் வகை, அதிகம் போனால் இரண்டாம் வகை. பழைய கார் அடிக்கடி நடுவழியில் நின்றால், அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப்போக நம்ப முடியாது என்றால் கணக்கு மாறும். அப்போது கார் முதல் வகைக்கு வந்துவிடும். அப்படியானாலும் வேண்டியது நம்பி ஓட்டக்கூடிய கார். புதுக் கார்தான் வேண்டும் என்று ஆகாது. உங்கள் கடிதத்தின்படி இப்போது எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

அரிஸ்டிப்பஸும் இன்பவாதிதானே? எபிகூரஸோடு எங்கே வேறுபடுகிறார்?
– கல்லூரி மாணவி

அரிஸ்டிப்பஸ் சாக்ரடீஸின் கூட்டத்தில் இருந்தவர், ஊர் இன்றைய லிபியாவில் உள்ள சைரீனி. அவர் வழிவந்த சிந்தனைப் பள்ளிக்கு இன்பம் என்பது இப்போது, இந்தக் கணத்தில், உடம்பில் படும் மெல்லிய அசைவு. வலி இல்லாமல் சும்மா இருப்பதை அவர்கள் இன்பக் கணக்கில் சேர்க்கவில்லை. எபிகூரஸ் அந்த அமைதியைத்தான் உச்சியில் வைத்தார். உடல் இன்பமே பெரியது என்றார்கள் அவர்கள். உடம்பு இப்போதுள்ளதை மட்டும் உணரும், மனமோ நேற்றையும் நாளையும் சுமக்கும், எனவே மனத்தின் இன்பமும் துன்பமும் பெரியவை என்றார் இவர். தேர்வுக்கு முந்திய இரவு நல்ல சாப்பாடு ஏன் இறங்குவதில்லை என்பதற்கு எபிகூரஸிடம்தான் விளக்கம் இருக்கிறது. ஆனாலும் அரிஸ்டிப்பஸ் சொன்னதாக வரும் ஒன்றைக் கைவிடக் கூடாது: இன்பத்தை நான் வைத்திருக்கலாம், அது என்னை வைத்திருக்கக் கூடாது.

இது திருக்குறளின் ‘அவா அறுத்தல்’ தானே?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பக்கத்தில் வருகிறது, ஒன்று என்று சொல்ல முடியாது. அந்த அதிகாரம் துறவறவியலில் நிற்கிறது. அங்கே அவாவை அடியோடு அறுப்பது பேச்சு. எபிகூரஸ் துறவி இல்லை. முதல் வகை ஆசையை அறுக்கக் கூடாது, நிறைவேற்ற வேண்டும் என்பார். சிரிப்பு, சிந்தனை, வீட்டு நிர்வாகம் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டும் என்பதும் அவர் வாக்குதான். அவா கெட்டால் இன்பம் இடையறாது வரும் என்கிற இடத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்.

எபிகூரஸின் எளிய உணவு நாள் என்று சென்ற இதழ்க் குறிப்பில் இருந்தது. விரதம் மாதிரியா? எப்படிச் செய்வது?
– பல வாசகர்கள்

விரதம் இறைவனுக்காக இருப்பது. இது பயத்தைப் போக்கச் செய்யும் சோதனை. எபிகூரஸ் சில நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு குறைவாக உண்டு, தன் இன்பத்தில் ஏதாவது குறைகிறதா, குறைந்தால் எவ்வளவு, அந்தக் குறையைச் சரிசெய்யப் பாடுபடுவது தகுமா என்று பார்த்தார் என ரோமானியர் செனெக்கா எழுதியிருக்கிறார். மிகச் சிறு காசில் தன் வயிற்றை நிரப்ப முடிந்தது, நண்பர் மெட்ரோடோரஸுக்கு ஒரு முழுக் காசு தேவைப்பட்டது என்று ஒரு கடிதத்தில் எபிகூரஸ் மகிழ்ந்திருக்கிறார். இன்னொரு கடிதத்தில், ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து கொண்டாடுவேன் என்று கேட்டிருக்கிறார். ரொட்டியும் தண்ணீரும் பழகியவருக்கு அந்தக் கட்டியே விருந்தாகியிருக்கிறது.

செனெக்கா சொல்வது ஒரு முறைக்கு மூன்று, நான்கு நாள், சில வேளை இன்னும் கூட. ஒரு நாள் போதாது. ஒரே நாள் என்றால் அது விளையாட்டாகப் போய்விடும். மாதக் கடைசியில் காசு தீர்ந்த பின் செய்தால் அது வெறும் பற்றாக்குறை, ஆகவே சம்பளம் வந்த வாரத்தில் செய்யுங்கள். சோறு அல்லது கஞ்சி, பருப்பு அல்லது ரசம், ஒரு கீரை, கொஞ்சம் நெத்திலி, குடிக்கத் தண்ணீர். ஒட்டுக்கடை ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அந்த நாள்களில் வேண்டாம். குறைப்பது விலையையும் வகையையும்தான், அளவை அல்ல. செம்பனைக் குலை வெட்டுகிறவர் அரை வயிற்றோடு வெயிலில் நின்றால் மயங்கி விழுவார். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் வேளை தவறக் கூடாது, கஞ்சியின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளை இதில் சேர்க்கவே வேண்டாம்.

ஒவ்வோர் இரவும் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எது இல்லாமல் உடம்பு வருந்தியது, எது இல்லாமல் மனம் மட்டும் முணுமுணுத்தது. நான்காம் நாள் அந்தத் தாளைப் பார்த்தால் வேலை போனால் என்ன ஆகும் என்ற பயம் கொஞ்சம் தணிந்திருக்கும். இந்தப் பயிற்சியின் பலன் அதுதான். சேமிப்பு கூடவே வருவது. ஐந்தாம் நாள் இழந்ததையெல்லாம் சேர்த்துத் தின்று தீர்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் முதல் தே தாரிக் எவ்வளவு ருசி என்பதும் தெரியும்.

மூட்டுவலி ஆண்டுக்கணக்காக இருக்கிறது. கணவரும் போய்விட்டார். வலி இல்லாததே இன்பம் என்றால் எனக்கு இன்பமே இல்லையா?
– 67 வயது வாசகி

அம்மா, எபிகூரஸின் போதனையில் மிக அதிகமாக எதிர்ப்பைச் சந்தித்த இடம் இது. கடும் வலி சிறிது காலமே நிற்கும், நீண்ட வலியில் வேதனையைவிட இன்பம் மிகுதியாகவே இருக்கும் என்றார். ரோமானியப் பேச்சாளர் சிசெரோ அதை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கான மூட்டுவலிக்கு இந்த வாக்கு மட்டும் போதாது என்றே நாங்களும் நினைக்கிறோம். உடம்பு நோகாதிருப்பது அவர் கணக்கிலேயே முதல் வகைத் தேவை. ஆகவே சிகிச்சைக்கும் நல்ல செருப்புக்கும் குளியலறைக் கைப்பிடிக்கும் ஆகும் செலவை ஆடம்பரம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அவர் வாழ்வின் கடைசி நாள் இன்னும் உதவும். சிறுநீர் அடைப்பாலும் வயிற்றுக்கடுப்பாலும் தாங்க முடியாத வேதனையில் இருந்தபடி நண்பர் இடோமெனியஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த வலிகளுக்கு எதிராக, நாம் பேசிய பேச்சுகளின் நினைவால் வரும் மகிழ்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார். வலி கூடும் வேளை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த வேளைக்குப் பேச ஒருவர் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளையிடம் பழைய தோட்டக் கதையை ஒரு நாளைக்கு ஒன்றாகச் சொன்னாலும் சரி.

கணவரைப் பற்றி: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை என்ற வாக்கு தன் சாவை அஞ்சுகிறவருக்குச் சொன்னது. பிரிந்தவருக்காக வருந்துகிறவரிடம் அதைச் சொல்லி அடக்கக் கூடாது. நண்பர் இறந்தும் துயரமே வராதிருப்பது அதைவிடக் கெட்ட ஒன்றிலிருந்து, கல்நெஞ்சிலிருந்து வருகிறது என்று எபிகூரஸ் கூட்டத்தார் வாதாடியதை கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்திருக்கிறார். மறைந்த நண்பரின் நினைவு இனியது என்பதும் எபிகூரஸ் வாக்கு. அழுகை வந்தால் அழுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து கூட்டுப் பணம் போடுகிறோம். எபிகூரஸும் நண்பர்கள் எல்லாருடைய சொத்தையும் பொதுவாக்கினாராமே?
– சிறு வணிகர்

இல்லை, மறுத்தார். சொத்தைப் பொதுவாக்குவது ஒருவரை ஒருவர் நம்பாததன் அடையாளம், நம்பிக்கை இல்லாவிட்டால் நட்பும் இல்லை என்பது அவர் காரணம். அவரவர் பொருள் அவரவரிடம் இருக்கும், தேவை வந்தால் தருவார்கள். எப்போதும் உதவி கேட்டுக்கொண்டே இருப்பவரும் நண்பர் இல்லை, உதவியை நட்போடு சேர்க்கவே மாட்டேன் என்பவரும் நண்பர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். கூட்டில் தொகை, தேதி, யாருக்கு எந்த மாதம் என்பதை எழுதி எல்லாரிடமும் ஒரு படி கொடுங்கள். எழுதி வைத்தால் சந்தேகத்துக்கு இடம் குறையும்.

கடவுள் இல்லை என்றவரா? கோயில் செயலவையில் இருக்கும் நான் இவரைப் படிக்கலாமா?

படிக்கலாம். தெய்வங்கள் உண்டு, அவை பேரின்பத்தில் இருப்பவை, எனவே கோபத்துக்கோ சலுகைக்கோ ஆட்படாதவை என்றார். ஊர்த் திருவிழாக்களில் கலந்துகொண்டார். அவர் அகற்ற விரும்பியது சாமி தண்டிக்கும் என்ற பயத்தை மட்டும்.

எங்களில் ஆறேழு பேர் மாதம் ஒருமுறை கூடி இவரைப் படிக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?
– வாசகர் குழு

தேதியை அவரே வைத்திருக்கிறார். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கி, அங்கே நண்பர்களோடு வாழ்ந்தார். பெண்களும் அடிமைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மீஸ் என்ற அடிமை சேர்ந்து தத்துவம் படித்தார். உயிலில் அவரையும் வேறு மூவரையும் விடுவித்தார் எபிகூரஸ். தன்னையும் மெட்ரோடோரஸையும் நினைத்து ஒவ்வொரு மாதமும் 20ஆம் நாள் கூடுங்கள் என்று அதே உயிலில் எழுதினார். நீங்களும் 20ஆம் தேதியையே வைத்துக்கொள்ளலாம். ஷிப்ட் வேலைக்காரர் இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு.

வீடு மாற்றி வீடு கூடுங்கள். ஒரு சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் என்று முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே யார் வீட்டில் அதிக வகை என்ற போட்டி வந்து, வசதி குறைந்தவர் நின்றுவிடுவார். சமைப்பவரும் உட்கார்ந்து பேசவேண்டும், எனவே பாத்திரம் கழுவும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். படிக்க அவருடைய முதன்மைக் கோட்பாடுகள் 40 இருக்கின்றன, பலவும் ஓரிரு வாக்கியமே. ஒரு கூட்டத்துக்கு ஒன்று போதும்: உரக்கப் படித்து, அந்த மாதம் வீட்டில் நடந்த ஒரு செலவையோ பயத்தையோ அதன்மேல் வைத்துப் பேசுங்கள். மெனோய்கேயுஸ் கடிதத்தை முதல் மாதம் முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்கினால் மூன்றாண்டு ஐந்து மாதத்தில் முடியும்.